கம்பியில் கோர்த்த கூலி

செக் நாட்டின் வட எல்லையில் கிர்கொனோஷே மலைத்தொடர் இருக்கிறது. அதன் அடிவாரத்தில், யிசெரா ஆற்றை ஒட்டி, போனிக்லா என்றொரு கிராமம். ஊதிச் செய்த கண்ணாடி மணிகளை மெல்லிய கம்பியில் கோர்த்து நட்சத்திரம், சிலந்தி, மிதிவண்டி, விமானம் என்று கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சின்னச் சின்ன அலங்காரங்களை அங்கே செய்கிறார்கள். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கைவேலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2016-இல் யோகாவும் 2017-இல் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவும் இடம்பிடித்த அதே பட்டியல்தான். ஒரு வித்தியாசம் உண்டு. யோகாவையும் பீட்சாவையும் செய்ய உலகம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். இந்த மணி அலங்காரத்தைக் கண்ணாடி ஊதுவதில் தொடங்கிக் கோர்த்து முடிப்பதுவரை முழுவதையும் செய்துவரும் பட்டறை என்று எஞ்சியிருப்பது போனிக்லாவில் உள்ள ராவ்டிஸ் நிறுவனம் ஒன்றுதான் என்கிறார்கள்.

பண்டிகை அலங்காரத் தொழிலில் ஏறக்குறைய எல்லா வேலையையும் இயந்திரம் எடுத்துக்கொண்டு நெடுநாளாயிற்று. மணியைக் கம்பியில் கோர்த்து உருவம் கட்டும் வேலை மட்டும் ஏன் இன்னும் விரல்களிடமே இருக்கிறது? அந்த விரல்கள் யாருடையவை, அவற்றுக்கு என்ன கிடைக்கிறது? கைவினையைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் கேள்வியில் மயங்கி அங்கேயே நின்றுவிடுவது வழக்கம். இரண்டாவதற்குப் பதில் தேடாமல் முதலாவதற்கும் பதில் கிடைக்காது என்பது என் எண்ணம்.

முதலில் மணி. தக்கை மாதிரி எடையே இல்லாத மணி இது. உள்ளே வெறும் காற்று. நீளமான கண்ணாடிக் குழாயைத் தீச்சுடரில் சூடாக்கி, அது இளகியதும் பித்தளை அச்சுக்குள் வைத்து ஊதுகிறார்கள். அச்சில் வரிசையாகக் குழிகள் இருப்பதால் ஒரே ஊதலில் பல மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய சரமாக வெளியே வரும். உருண்டை, நீள்வட்டம், வரிவரியாக மடிப்பு விழுந்தது, பட்டை தீட்டியது போன்றது என்று அச்சுக்கு ஏற்ற வடிவம். அடுத்தது வெள்ளி பூசுவது. சில்வர் நைட்ரேட் கரைசலைச் சரத்தின் உள்ளே ஏற்றுகிறார்கள். உட்சுவரில் வெள்ளி படிந்து கண்ணாடி ஆடியாக மாறுகிறது. பிளஸ் டூ வேதியியல் செய்முறை வகுப்பில் டாலன்ஸ் சோதனை செய்தவர்களுக்குச் சோதனைக் குழாயின் உட்புறம் பளபளவென்று மாறும் அந்த நொடி நினைவிருக்கும். அதே வினைதான். ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835-இல் கவனித்துச் சொன்ன இந்த வெள்ளிப் படிவுதான் பின்னாளில் முகம் பார்க்கும் கண்ணாடித் தொழிலையும் கிறிஸ்துமஸ் அலங்காரத் தொழிலையும் ஒருசேர மாற்றியது. வெள்ளி உள்ளே இருப்பதால் கைபட்டு மங்காது. கண்ணாடியே அதற்குக் காவல்.

வெள்ளி பூசிய சரத்துக்கு வெளிப்பக்கம் சாயம் ஏற்றி, வேண்டுமானால் தூரிகையால் கோடும் புள்ளியும் வைத்து, பிறகு தனித்தனி மணியாக அறுக்கிறார்கள். இதுவரை நடப்பது பட்டறைக்குள். கடைசிக் கட்டமான கோர்க்கும் வேலை பெரும்பாலும் சுற்றுவட்டார வீடுகளுக்குப் போகிறது. மணியும் கம்பியும் மாதிரியும் பெற்றுக்கொண்டு போய், முடித்த உருப்படிகளைத் திருப்பிக் கொண்டுவந்து தருவது பழைய முறை. இன்றும் அதுதான்.

நூலில் கோர்க்காமல் ஏன் கம்பி? அறுத்த மணியின் வாய் கூர்மையாக இருக்கும், நூலை நாலு நாளில் தின்றுவிடும். இது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நூலுக்கு முதுகெலும்பு கிடையாது என்பது. நூலில் மாலை கோர்க்கலாம், ஆரம் கட்டலாம். அந்தரத்தில் நிற்கும் ஒரு சக்கரத்தைக் கட்ட முடியாது. கம்பி மணிகளைத் தாங்குவதோடு உருவத்தின் எலும்புக்கூடாகவும் ஆகிவிடுகிறது. மணி நிறத்தைத் தருகிறது, கம்பி வடிவத்தைத் தருகிறது. உள்ளீடற்ற மணி என்பதால் மொத்த உருப்படியும் சில கிராம்தான். ஊசியிலை மரத்தின் கிளை நுனிகூடத் தாங்கும். ஆனால் அதே காரணத்தால் கம்பியை முறுக்கும்போது விரல் சற்று அழுத்தமாகப் பட்டால் மணி நொறுங்கும். எவ்வளவு இறுக்கினால் உருவம் நிற்கும், எவ்வளவு இறுக்கினால் மணி உடையும் என்ற அந்த நூலிழை வித்தியாசம் புத்தகத்தில் எழுதி வைக்கக் கூடியது இல்லை. யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருப்பது உண்மையில் அந்த விரலறிவு.

போனிக்லாவில் இந்த மணித் தொழில் தொடங்கியது 1902-இல் என்பது அங்குள்ளவர்கள் சொல்லும் கணக்கு. அப்போது கிறிஸ்துமஸ் யாருடைய மனதிலும் இல்லை. நாட்டுப்புற உடைகளில் தைக்கவும் மலிவான கழுத்தணிகளுக்கும் மணி ஊதினார்கள். பக்கத்து மலைப்பகுதியில் இருக்கும் யாப்லொனெட்ஸ் நகரம் போலி நகைகளுக்கும் கண்ணாடி மணிகளுக்கும் உலகச் சந்தையாக இருந்தது. நம் ஊருக்கும் அதற்கும் நேரடிக் கொடுக்கல் வாங்கல் உண்டு. முதல் உலகப் போருக்கு முன்னால் இந்தியப் பெண்கள் அணிந்த கண்ணாடி வளையல்களில் பெரும் பங்கு அந்த வட்டாரத்திலிருந்து கப்பலேறி வந்தது. போரில் அந்த வரத்து நின்றது உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்தின் வளையல் தொழிலுக்கு வாய்ப்பாக அமைந்தது. பெரியபாட்டிகளின் வளையல் பெட்டியில், அந்த வட்டாரம் அடங்கிய போஹீமியா இருந்திருக்கக் கூடும் என்று நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

நாட்டுப்புற உடை வழக்கொழிந்து, நகை நாகரிகம் மாறியபோது கையிருப்பில் மணி தேங்கியது. ஊதத் தெரிந்த ஆட்களும் அச்சுகளும் இருந்தன; வாங்க ஆள் இல்லை. தேங்கிய மணியைக் கம்பியில் கோர்த்து மரத்தில் தொங்கவிடும் பொருளாக்கியது அந்த நெருக்கடியிலிருந்து வெளியேறக் கண்டுபிடித்த வழி. மரபு என்று இன்று கொண்டாடப்படுவது பழைய சரக்கைத் தள்ளிவிடச் செய்த உபாயத்தில் பிறந்தது. இதில் இழிவு ஒன்றும் இல்லை. பெரும்பாலான கைவினை மரபுகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் இப்படி ஏதாவது ஒன்றுதான் எழுதியிருக்கும்.

வடிவங்களைப் பார்த்தாலும் இது தெரியும். தேவதை, நட்சத்திரம், மணிக்கூண்டு ஆகியவற்றோடு விமானமும் மிதிவண்டியும் காற்றாலையும் இருக்கின்றன. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மக்கள் அண்ணாந்து பார்த்த எந்திரங்கள் அப்படியே மரத்தில் ஏறியிருக்கின்றன. நேர்க்கோடும் முக்கோணமும் வட்டமும் ஆட்சி செய்த அந்தக் கால வடிவமைப்புப் பாணி கம்பிக்கு மிகவும் தோதானது. நேரான கம்பித் துண்டும் நீளமான குழல் மணியும் இருந்தால் கோணம் தானாக வரும். புல்லாங்குழல் வாசிக்கும் தேவதையைவிட விமானம் எளிது. என் கண்ணுக்கு இந்த எந்திர உருவங்கள்தான் இந்தக் கலையின் உச்சம். தேவதைகள் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும்.

1948-இல் செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து தனியார் பட்டறைகள் அரசுடைமையாயின. அதற்கும் முன்பே, 1945-இல் போர் முடிந்ததும், யாப்லொனெட்ஸ் வட்டாரத்தில் தலைமுறைகளாகக் கண்ணாடித் தொழில் செய்துவந்த ஜெர்மன் மொழி பேசும் குடும்பங்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. அவர்களில் பலர் பவேரியாவின் காஃப்பாய்ரன் நகருக்கு அருகே, ஊரின் ஜெர்மன் பெயரையே வைத்து, நொய்காப்லொன்ஸ் என்ற புதுக் குடியிருப்பை எழுப்பித் தொழிலைத் தொடர்ந்தார்கள். தொழில் இரண்டாகப் பிளந்தது. 1989-க்குப் பிறகு செக் நாட்டில் பட்டறைகள் மீண்டும் தனியார் கைக்கு வந்தபோது எதிரே நின்றது சீனத்தின் மலிவு.

கண்ணாடி அலங்காரத்துக்குப் பேர்போன இன்னோர் ஊரான லௌஷாவின் கதை வேறு. ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், காட்டு மலைக்கு நடுவே இருக்கும் இந்தச் சிற்றூரில் 1597-இல் கண்ணாடி உலை வைத்தார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் கண்ணாடி உருண்டைகளின் தாயகம் இது. ஆப்பிளும் வாதுமையும் வாங்கித் தொங்கவிட வழியில்லாத ஏழைக் கண்ணாடி ஊதுபவர் ஒருவர் அவற்றைக் கண்ணாடியில் ஊதிக்கொண்டார் என்று கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும், 1840-களின் இறுதியில் கண்ணாடிப் பழங்களுக்கு ஆர்டர் குறித்து வைத்த கணக்குப் பேரேட்டுக் குறிப்பு இருக்கிறது. 1867-இல் ஊருக்கு எரிவாயு நிலையம் வந்தது. நிலையான சூடான சுடர் கிடைத்ததும் தாள்போல மெல்லிய உருண்டைகளை ஊத முடிந்தது.

அந்த வேலை வீட்டுக்குள் நடந்த விதம்தான் நமக்கு முக்கியம். ஆண் ஊதுவார். மனைவி வெள்ளி பூசுவார், சாயம் தீட்டுவார். பிள்ளைகள் கழுத்தை அறுத்து மூடி போடுவார்கள். அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, கூடையில் முதுகில் சுமந்து, பெண்கள் சொன்னெபெர்க் நகரத்து வியாபாரிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். விலையை முடிவு செய்தவர் வியாபாரி. அங்கிருந்து அமெரிக்கா. 1880-இல் எஃப்.டபிள்யூ. வுல்வொர்த் என்ற கடைக்காரர், இதெல்லாம் விற்குமா என்று தயங்கித் தயங்கி 25 டாலருக்கு மட்டும் ஜெர்மன் உருண்டைகளை வாங்கி வைத்தார். வந்த வேகத்தில் தீர்ந்துபோயின. பிறகு அவருடைய கடைத் தொடர் இந்தச் சரக்கின் மிகப் பெரிய கொள்முதல்காரர்களில் ஒன்றானது. அந்தக் காலத்தில் நெளிநெளியான மெல்லிய உலோகக் கம்பியை உருண்டையைச் சுற்றிச் சிலந்திவலைபோலப் பின்னிய அலங்காரங்கள் பெரிய மோகமாக இருந்தன. நெளிகம்பி சுற்றிய பலூன்களும் படகுகளும் இன்று பழம்பொருள் சேகரிப்பவர்களிடம் நல்ல விலைக்குப் போகின்றன. சுற்றியவருக்கு அன்றைக்குக் கிடைத்தது சில்லறை.

1930-களின் இறுதியில், போர் மூண்டு ஜெர்மன் வரத்து நிற்கும் என்று தெரிந்தபோது, மேக்ஸ் எக்கார்ட் என்ற இறக்குமதியாளர் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தை அணுகினார். மின்விளக்குக் குமிழ்களை நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் ஊதித்தள்ளும் ரிப்பன் இயந்திரம் அவர்களிடம் இருந்தது. பென்சில்வேனியாவில் அந்த இயந்திரத்தில் கிறிஸ்துமஸ் உருண்டைகள் பிறந்தன. ஷைனி பிரைட் என்ற பெயரில் வந்தவை இவைதான். போர் முற்றி உலோகத் தட்டுப்பாடு வந்ததும் உலோக மூடிக்குப் பதில் அட்டை மூடி போட்டார்கள், உள்ளே வெள்ளிகூட இல்லாமல் வெறுங்கண்ணாடியில் கோடு தீட்டி விற்றார்கள். மக்கள் வாங்கினார்கள். லௌஷாவில் ஒரு குடும்பம் நாள் முழுக்க ஊதியதை இயந்திரம் சில நிமிடங்களில் முடித்துவிட்டது.

உருண்டையை விழுங்கிய இயந்திரம் மணி நட்சத்திரத்தை விழுங்கவில்லை. மணியை நேர் சரமாகக் கோர்க்க இயந்திர உபாயங்கள் பல உண்டு. கிண்ணம் சுழலும்போது வளைந்த ஊசியில் மணிகள் தாமாக ஏறும் எளிய கருவியைக்கூடக் கடையில் வாங்கலாம். ஆனால் ஆறு கை கொண்ட நட்சத்திரத்துக்கு மணி வரிசை மாற வேண்டும், கம்பி திரும்பி வர வேண்டும், நடுவில் முடிச்சு விழ வேண்டும், மெல்லிய மணி உடையவும் கூடாது. இதையெல்லாம் செய்யும் இயந்திரத்தைக் கட்டவே முடியாது என்று நான் சொல்லவில்லை. கட்டினால் கட்டுப்படியாகாது. ஆண்டில் சில மாதம் விற்கும் பொருள். வடிவத்துக்கு வடிவம் மாறும் வேலை. ஒவ்வொரு வடிவத்திலும் சில நூறு உருப்படி. இதற்கு முதலீடு போடுவதைவிட, வீட்டில் இருக்கும் பெண்ணிடம் மணிப்பொட்டலத்தைக் கொடுத்துவிடுவது எப்போதும் மலிவு. கைவேலை பிழைத்திருப்பதற்குக் கையின் மேன்மை பாதிக் காரணம் என்றால் கையின் மலிவு மறுபாதி. சீனத்தில் செஜியாங் மாநிலத்து யீவூ நகரத்தின் வழியாக உலகச் சந்தைக்குப் போகும் மணி அலங்காரங்களையும் கடைசியில் யாரோ ஒருவரின் விரல்கள்தான் முறுக்குகின்றன.

ஜெர்மனியிலேயே, சாக்சனி மாநிலத்து செப்னிட்ஸ் செயற்கைப் பூக்களுக்குப் பேர்போன ஊர். பஞ்சும் மெழுகும் துளையிட்ட உலோகத் தகடும் கம்பியும் கலந்து அங்கே செய்த அலங்காரங்களும் வீட்டுக் கூலி வேலைதான்; அதிலும் பிள்ளைகள் உண்டு. உக்ரைனில் நிலைமை வேறு. அங்கே கிறிஸ்துமஸ் மரத்தில் சிலந்தியும் வலையும் தொங்கவிடுவது நல்ல சகுனம். மரத்தை அலங்கரிக்க வழியில்லாத ஏழை விதவையின் வீட்டில் சிலந்திகள் இரவோடிரவாக வலை பின்னின, விடிந்ததும் அது வெள்ளியாக மின்னியது என்பது வழக்குக் கதை. கம்பியிலும் மணியிலும் சிலந்தி செய்வது பெரும்பாலும் குடும்பத்துக்குள் நடக்கும் காரியம். யாரும் யாருக்கும் கூலி தருவதில்லை.

தென்னாப்பிரிக்காவில் கதை தலைகீழாகிறது. அங்கே முதலில் வந்தது கம்பி. வேலிக்கம்பி, பழைய துணிமாட்டி, தூக்கியெறிந்த மின்கம்பி ஆகியவற்றை வளைத்துச் சிறுவர்கள் தங்களுக்கே கார் செய்து ஓட்டினார்கள். இரவுக் காவலாளிகள் வண்ணத் தொலைபேசிக் கம்பியில் கூடை பின்னினார்கள். ஜூலு மக்களின் மணிவேலை மரபு இதற்கு முன்பே மிகச் செழிப்பானது. இந்த இரண்டும் சந்தித்ததில் கம்பியால் உருவம் கட்டி அதன்மேல் மணி சுற்றும் தெருக்கலை பிறந்து, 1990-களுக்குப் பிறகு ஜோஹன்னஸ்பர்க்கிலும் கேப்டவுனிலும் போக்குவரத்து விளக்கடிகளில் பரவியது. ஜிம்பாப்வேயின் பொருளாதாரம் சரிந்தபோது எல்லை தாண்டி வந்தவர்கள் பலர் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். 2000-இல் கேப்டவுனில் தொடங்கிய ஸ்ட்ரீட்வயர்ஸ் போன்ற அமைப்புகள் தெருவில் விற்றவர்களைப் பட்டறைக்குள் கொண்டுவந்து ஏற்றுமதிக்கு வழி செய்தன. டிசம்பரில் கோடை வெயில் கொளுத்தும் அந்த நாட்டில் செய்யப்படும் மணிக் கலைமானும் பனித்துகளும் பனி கொட்டும் நாடுகளுக்குப் போகின்றன. தெருவோரக் கலைஞரிடம் நீங்கள் நின்று பேசலாம். இந்த மானுக்குக் கொம்பு பெரிதாக வேண்டும் என்று கேட்கலாம். விலையை அவர் சொல்வார். போனிக்லாவின் வீட்டுத் தொழிலாளிக்கோ லௌஷாவின் கூடை சுமந்த பெண்ணுக்கோ கிடைக்காத ஒன்று இது. வெயிலிலும் வாகனப் புகையிலும் நிற்க வேண்டும், போலீஸ் விரட்டும் என்பதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

ஜூலு மக்களின் கையில் இருந்த மணிகளின் வழித்தடமும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூலு மணிவேலைக்குப் போன கண்ணாடி மணிகளில் வெனிஸ் சரக்கும் யாப்லொனெட்ஸ் வட்டாரத்துப் போஹீமியச் சரக்கும் முக்கியமானவை. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இந்தியப் பெருங்கடலின் குறுக்கே நம் பக்கத்து மணிகள் ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கின்றன. லிம்போபோ ஆற்றங்கரையில் மாபுங்குப்வே அகழ்வாய்வில் தெற்காசியக் கண்ணாடி மணிகள் கிடைத்துள்ளன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்த சின்னஞ்சிறு மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை பரவின. அந்த உத்தியில் வந்த மணிகளுக்கு ஆய்வாளர் பீட்டர் ஃபிரான்சிஸ் இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். திருக்காளத்தி அருகே பாப்பாநாயுடுபேட்டையில் அந்தக் குழாய் இழுக்கும் முறை நம் காலம்வரை வந்து சேர்ந்தது. இந்தத் துறையில் நாம் புதிதாக நுழைந்தவர்கள் இல்லை.

இன்றைய இந்தியாவில் மணி அலங்காரத்தின் பெரும் சந்தை ஏற்றுமதிதான். உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகர் கண்ணாடி மணிக்கு, ஃபிரோசாபாத் ஊதிய கண்ணாடிக்கு, மொராதாபாத் உலோகத்துக்கு, பரேலி சரிகைக்கும் ஜர்தோசி மணித்தையலுக்கும் என்று ஊர்ஊராகப் பிரிந்து கிடக்கும் தொழில் இது. ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் கையால் செய்தது என்ற அட்டையோடு தொங்கும் நட்சத்திரங்களில் பல இந்த வட்டாரத்தின் வீடுகளில் கோர்த்தவை. ஏற்றுமதியாளர், அவருக்குக் கீழே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே தெருவுக்கொரு தரகர், கடைசியில் வாசற்படியில் உட்கார்ந்து கோர்க்கும் பெண். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனக்குரியதைக் கழித்துக்கொண்டபின் எஞ்சுவது கடைசி ஆளுக்கு. அதையும் நாள் கணக்கில் தருவதில்லை, உருப்படிக் கணக்கில் தருகிறார்கள். உருப்படிக் கூலி என்றாலே வீட்டிலுள்ள பிள்ளையின் விரலும் சேர்ந்துகொள்ளும். 2012-இல் டெல்லியில் ஒரு சிறு அறையில் அடைத்து வைக்கப்பட்டுக் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள் செய்துகொண்டிருந்த சிறுவர்கள் மீட்கப்பட்ட செய்தி அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் வந்தது. மரத்தில் மின்னும் பொருளுக்குப் பின்னால் இருட்டறை இருந்ததைப் படித்தவர்கள் ஒரு பண்டிகைக் காலம் வருந்தினார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1996-இல் உருவானது. மற்றத் தொழிலாளிகளுக்குச் சமமாக இவர்களை நடத்த வேண்டும் என்பதே அதன் சாரம். இந்தியா இன்றுவரை அதை ஏற்று ஒப்பமிடவில்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் போராடிப் பெற்ற உரிமைகளை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பீடித் தொழிலுக்கு 1966-இல் தனிச் சட்டமும் 1976-இல் நலநிதிச் சட்டமும் வந்தன. வீட்டில் சுற்றினாலும் அவர் தொழிலாளி, அவருக்கு அடையாள அட்டை உண்டு என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. மணி கோர்ப்பவருக்கென்று அப்படியொரு சட்டம் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பழனியிலும் இராமேசுவரத்திலும் கோயில் வாசலில் சிறு குறடும் கம்பியும் வைத்துக்கொண்டு மணி மாலை பின்னி விற்கும் நரிக்குறவர் பெண்களைக் கைவினைஞர் என்று அழைக்கவே நமக்கு வாய் வருவதில்லை. கம்பியை வளைத்துக் கண்ணி போடும் அவர்களுடைய வேகத்துக்கு எந்தப் பயிலரங்கு ஆசிரியரும் ஈடுகொடுக்க முடியாது.

இனி, கூலிக்கு இல்லாமல் ஆசைக்குக் கோர்ப்பவர்கள். கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவில் மணியும் சமிக்கியும் குண்டூசியும் அடங்கிய கிட் பெட்டிகள் பெருவாரியாக விற்றன. இன்று நம் ஊரிலும், சென்னை பாரிமுனைச் சந்துகளில், கிலோக் கணக்கில் மணி கிடைக்கிறது; கொலுவுக்கு மணிப் பொம்மை செய்த கைகள் இப்போது டிசம்பரில் நட்சத்திரமும் செய்கின்றன. முயல நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பனித்துகள் வடிவத்துக்கு 20 கேஜ் கம்பி, அதாவது ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தடிமன், சட்டத்துக்கு ஏற்றது. மூன்று துண்டுகளை நடுவில் ஒன்றாக முறுக்கினால் ஆறு கை வந்துவிடும். நுனியை ரவுண்ட் நோஸ் பிளையரால் சுருட்டாவிட்டால் மணி கொட்டும். கம்பியை மணிக்குள் இரண்டு முறை நுழைக்கும் நுணுக்க வேலைக்கு 28 கேஜ் வேண்டும், அது 0.3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பதினொன்றாம் எண் சீட் பீட்ஸின் துளை சுமார் 0.8 மில்லிமீட்டர் என்பதால் இரண்டு முறை தாராளமாக நுழையும். அந்த மணி கிராமுக்கு நூற்றுப்பத்து வாக்கில் நிற்கும். ஐந்நூறு மணி போட்டாலும் ஐந்து கிராமைத் தாண்டாது. செப்புக் கம்பி வளையும், ஆனால் காற்றுப்பட்டுக் கறுக்கும். இரும்புக் கம்பி நம் கடற்கரை ஊர்களில் அடுத்த டிசம்பரைப் பார்க்காது. மேற்பூச்சுள்ள செப்பு அல்லது பித்தளைதான் உத்தமம். ஒரே இடத்தில் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்து நிமிர்த்தினால் உலோகம் இறுகி ஒடிந்துவிடும். வளைவைக் கையால் தேடாமல் மனதில் முடிவு செய்துகொண்டு ஒரே முறை வளைப்பதுதான் தேர்ந்த கையின் அடையாளம்.

போனிக்லா நிறுவனம் இப்போது முடித்த அலங்காரங்களோடு மணியும் கம்பியும் செய்முறையும் அடங்கிய பெட்டிகளையும் விற்கிறது. பட்டறைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் தங்கள் கையாலேயே ஒன்றைக் கோர்த்துப் பார்க்கவும் ஏற்பாடு செய்கிறது. நல்ல வியாபார புத்தி. கோர்க்கும் கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை. வாங்குகிறவர் அந்த வேலையைத் தன் இன்பத்துக்காகச் செய்துகொண்டு அதற்கும் சேர்த்துப் பணம் தருகிறார். இதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஒரே அசைவு, அதே கம்பி, அதே மணி. ஒருத்திக்கு அது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி; மற்றொருத்திக்கு மன அழுத்தம் தீரும் பொழுதுபோக்கு. பொழுதுபோக்காகச் செய்பவர் தன் நேரத்துக்கு விலை போடுவதில்லை. அவர் தான் செய்ததைக் கல்லூரிச் சந்தையிலோ தேவாலயத் திருவிழாக் கடையிலோ மணி, கம்பிச் செலவுக்கு மேல் பத்து ரூபாய் வைத்து விற்கும்போது, அதே பொருளைப் பிழைப்புக்காகச் செய்யும் பெண்ணின் விலையும் அங்கேயே இறங்கிவிடுகிறது. பொழுதுபோக்காளர்கள் இதைக் கேட்டால் கோபிப்பார்கள். கோபித்தாலும் கணக்கு மாறாது.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு நட்சத்திரத்துக்குத் தேர்ந்த கைக்கு இருபது நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிநேரத்துக்கு மூன்று. கடையில் 40 ரூபாய்க்கு விற்று, கடைக்காரர் பாதி எடுத்து, மணிக்கும் கம்பிக்கும் 8 ரூபாய் போனால் கோர்த்தவருக்கு மிச்சம் 12. ஒரு மணிநேரத்துக்கு 36 ரூபாய். எட்டு மணிநேரம் தலை நிமிராமல் கோர்த்தால் 288. நடுவில் தரகர் ஒருவர் வந்தால் அதுவும் இல்லை. நாற்பது ரூபாய் நட்சத்திரத்தைப் பார்த்து கைவேலை என்றால் விலை அதிகம்தான் என்று முணுமுணுக்கும் நமக்கு இந்தப் பெருக்கல் தோன்றுவதில்லை.

யுனெஸ்கோ அங்கீகாரம் இந்தக் கணக்கைத் தொடுவதில்லை. அது அறிவைக் காக்கச் சொல்கிறது. அதைத் தாங்கியிருப்பவர்களின் கூலியைப் பற்றி அதில் கட்டாயம் எதுவும் இல்லை. போனிக்லாவுக்குப் பட்டியல் நன்மை செய்திருக்கிறது, உலகின் கண் அந்தக் கிராமத்தின்மேல் விழுந்திருக்கிறது. ஆனால் ஒரே பட்டறையில் தங்கியிருக்கும் மரபு அந்தப் பட்டறையின் வரவுசெலவுக் கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. தென்னாப்பிரிக்கத் தெருக்கலைக்கு எந்தப் பட்டியலும் இல்லை; ஆனால் ஆயிரம் பேர் செய்வதால், ஒரு பட்டறை மூடினால் கலை மூடப்போவதில்லை. எது நிலைக்கும் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

1906-இல் பெர்லினில் ஒரு கண்காட்சி நடந்தது. வீட்டுக் கூலித் தொழிலில் செய்த பொருள்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆனது, செய்தவருக்கு என்ன கூலி என்று சீட்டு ஒட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம் லண்டனில் டெய்லி நியூஸ் பத்திரிகை அதைப் பின்பற்றி நடத்திய கண்காட்சியில் தொழிலாளிகளே உட்கார்ந்து செய்து காட்டினார்கள். அழகான பொருளும் அசிங்கமான கூலியும் ஒரே மேசையில் இருந்ததைக் கண்டவர்கள் கிளப்பிய குரல், 1909-இல் சில தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் சட்டத்தை பிரிட்டனில் கொண்டுவர உதவியது. கைவேலைப் பொருளில் கையால் செய்தது என்று எழுதுவதோடு நிற்காமல், செய்தவருக்கு இவ்வளவு, ஆன நேரம் இவ்வளவு என்ற இரண்டு வரியையும் சேர்த்து அச்சிடுவது பெரிய காரியம் இல்லை. தமிழ்நாடு அரசின் பூம்புகார் கைவினை விற்பனை நிலையங்களும் மகளிர் சுயஉதவிக் குழுக்களின் டிசம்பர் சந்தைகளும் இதை இந்த ஆண்டே தொடங்கலாம். வாங்குகிறவர்களும் கேட்டுப் பழக வேண்டும்: இந்த நட்சத்திரத்தைக் கோர்த்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?